வளைகாப்பு முடிந்து வாடகை வீட்டுக்கு: கெம்னிட்ஸ் – ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்

ஏழாம் மாதத்தில் விமானம் ஏறலாமா என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். ஏறலாம், உங்கள் மருத்துவர் சரி என்றால். நானும் போன டிசம்பரில் இதையேதான் தேடினேன். ஆங்கிலத்தில் ஆயிரம் கிடைத்தது. தமிழில், அதுவும் தென்மாவட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் சொந்தக் கதையும் வரும். விவரம் மட்டும் வேண்டும் என்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்கே கெம்னிட்ஸ் என்ற ஊரில். கணவர் கணேசன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். நான் கல்யாணமாகி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், எம்.எஸ்சி. கணிதம். இங்கே அது இன்னும் எதற்கும் உதவவில்லை. மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குப் போனது வளைகாப்புக்காக. கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மையில், யாராவது என் வயிற்றைப் பார்த்து ஏதாவது ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது. இங்கே டிராமில் எழுந்து இடம் தருவார்கள், ஆனால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அது அவர்களுடைய மரியாதை என்று தெரியும். முதல்முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்ட அன்று வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணேசனுக்கு ஷிப்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ராஜபாளையத்தில் அம்மாவுக்கும் ஷிப்டு. நிறுத்தத்தில் நின்று, வந்த இரண்டு டிராமை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

திட்டம் இதுதான். பொங்கல் கழிந்து போவது, நாலு வாரம் இருப்பது, திரும்பி வந்து கெம்னிட்ஸிலேயே பிரசவம். கணேசனுக்குப் புது வேலை, லீவு கிடையாது. குழந்தை ஊரில் பிறந்தால் பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் இருவரும் பேசித்தான் திரும்பி வரும் டிக்கெட்டும் எடுத்தோம். ஊரில் இரண்டு வீட்டிலும் தேதியைச் சொன்னோம். அதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கெம்னிட்ஸிலிருந்து லைப்சிக் ஒரு மணி நேர ரயில். அங்கிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம். பிறகு துபாய் வரை ஆறு மணி நேரம், அங்கே ஏழு மணி நேரக் காத்திருப்பு, மதுரைக்கு நாலு மணி நேரம். போக வர எழுநூற்று எண்பது யூரோ. நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும். சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்கள். கூச்சத்தில் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். துபாயில் வாயில் மாறி நடந்தபோது அந்தத் தலையாட்டலை நூறு முறை திட்டிக்கொண்டேன். நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மதுரை விமான நிலையத்தில் அம்மா நின்றிருந்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாதவள், எனக்காகக் கார் வைத்து வந்திருந்தாள். டிரைவர் குருசாமி எங்கள் தெருக்காரர். மதுரையிலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், மூவாயிரம் ரூபாய். கல்லுப்பட்டி தாண்டும் வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏட்டி, இப்ப எத்தன மாசம் நடக்கு?"

"இருபத்தேழு வாரம்மா."

"வாரக் கணக்கெல்லாம் எங்களுக்குச் சம்பளத்துக்கு மட்டுந்தான். மாசத்தச் சொல்லு."

குருசாமி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். எனக்கே கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணிதம் படித்தவள் என்று வெளியே சொல்லாதீர்கள்.

ராஜபாளையத்தில் முதல் வாரம் கேள்வி மழைதான். பக்கத்து வீடு, எதிர்வீடு, அம்மாவோடு வேலை பார்ப்பவர்கள் என்று வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். இறங்கியிருக்கிறதா, மேலே நிற்கிறதா, புளிப்பு கேட்கிறதா, இனிப்பு கேட்கிறதா. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கேள்வி எல்லாம் வயிற்றுக்கு. பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். எனக்கென்று வந்தது கேலி மட்டும். எதிர்வீட்டு ராஜாமணி அக்கா சொம்போடு வந்து, "ஏட்டி ஜெர்மனி, ஒனக்குக் கொதிக்க வச்ச தண்ணி ஆகுமா, இல்ல பாட்டில்லதான் குடிப்பியா?" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்வது.

அம்மாவுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்து, 'வேலம்மாள் அக்கா' என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எனக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டுப் போவாள். எல்லோரும் வேலைக்குப் போன தெருவில், தறிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். கெம்னிட்ஸின் மதியம்போலவே இருந்தது, வெயிலும் சத்தமும்தான் கூடுதல். என் வீட்டிலேயே யாருக்கோ காத்திருக்கிறவள்போல வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வளைகாப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில், கணேசன் வீட்டில். இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ் நிமிடத்துக்கொன்று இருக்கிறது, பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. ஆனாலும் அம்மா குருசாமியின் காரைத்தான் பேசினாள். போக வர, காத்திருக்க, ஆயிரத்து இருநூறு.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் பக்கத்து முறையைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்தின்போது ஒற்றைப்படை மாதத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடக்கும். அன்றே அம்மா மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். அதன் பிறகு குழந்தை பெற்றுத்தான் அவள் கணவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இடையில் திரும்பினால், பிரசவம் பார்க்க முடியாமல் அம்மா வீட்டார் அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு வரும்.

இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் கெம்னிட்ஸில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கும் இந்த விதி பொருந்தும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். பச்சையும் சிவப்பும். வந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் இருக்கும். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று இலையில் வைத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அத்தை, கணேசனின் அம்மா, என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே சொன்னார்.

"போயிட்டு வா தாயி. இனி கையில பிள்ளையோடதான் எம்மவன் வீட்டு வாசல மிதிக்கணும், என்னா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். "அத்த, அடுத்த மாசம் திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருக்கேன்," என்றேன்.

"எங்க திரும்பிப் போவ?"

"அங்கதான். அவுக இருக்கிற வீட்டுக்கு."

"அது புருசன் வீடுல்லா?" அத்தை கையை எடுத்துவிட்டார். "வளையலப் போட்டு ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிள்ள, வெறுங்கையோட புருசன் வீட்டுல போய் நின்னா ஊரு என்ன சொல்லும்? என்னையச் சொல்லாது. ஒங்கம்மாவத்தான் சொல்லும். அதுவும் எட்டாம் மாசம், கடலத் தாண்டி."

அம்மா தலை நிமிரவில்லை. ஒருத்தி கணேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே காலை நேரம், இரவு ஷிப்டு முடிந்த தூக்கக் கலக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா சொல்றதும் சரிதான். நீ பாத்துக்கோ, உன் இஷ்டம்," என்றார். இஷ்டம் என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன் இஷ்டம் என்று முடித்துவிட்டார். இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலே வராமல் நிற்பேன். அன்றும் அப்படியே நின்றேன்.

காரில் நானும் அம்மாவும் பின்னால். மடவார்வளாகம் தாண்டும்போது வண்டி மெதுவாகப் போனது. பள்ளி விடும் நேரம். குருசாமி கோயில் கோபுரத்தைக் காட்டினார்.

"தங்கச்சி, இந்தக் கோயில் கத தெரியும்லா? ஒரு பிள்ளத்தாச்சி ஆத்தா வீட்டுக்கு நடந்து போயிருக்கு. வழியில வலி கண்டுருச்சி. ஆளு இல்ல, அம்பு இல்ல. சாமியே வந்து பிரசவம் பாத்துட்டுப் போயிருக்காரு."

"கேட்டுக்கோ," என்றாள் அம்மா என்னிடம். "ஆத்தா வீட்டுக்குக் கெளம்புன பிள்ளைக்குத்தான் சாமியே வந்துச்சு."

"ஏன், ஜெர்மனிக்குன்னா வர மாட்டாரா? அவருகிட்ட எவன் விசா கேக்கப் போறான்?" என்றார் குருசாமி.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடே."

அப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "அம்மா, நான் பெறந்தப்ப அப்பா எங்க இருந்தாரு?"

அப்பா இப்போது இல்லை. அந்தக் காலத்தில் கொல்லத்தில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தார்.

"தெரியாத மாரி கேக்க. கொல்லத்துல."

"என்ன மொதமொதல்ல பாக்கும்போது எனக்கு எத்தன மாசம்?"

"எட்டு. அவரப் பாத்து நீ போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. யாரோ பிள்ளப் பிடிக்கிறவன்னு நெனச்ச." எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"கடேசி வர அவருகிட்ட எனக்கு ஒட்டவே இல்லம்மா. அவரும் முயற்சி பண்ணாரு, நானும் பண்ணேன். இந்தப் பிள்ளையும் அவுக அப்பாவப் பாத்து அப்பிடி அழக்கூடாது. எனக்கு ஒன்கூட இருக்கணும்னுதான் ஆச. ஆனா நான் போறேன்."

இவ்வளவு நீளமாக அம்மாவிடம் நான் எதையும் பேசியதில்லை. வண்டி வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டியது. "நீ போயிருவ. மதினிக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றாள் அம்மா. மதினி என்றது அத்தையை.

குருசாமி கண்ணாடியில் பார்த்தார். "யம்மா, நான் ஒண்ணு கேக்கவா? தங்கச்சி, அங்க இருக்கது சொந்த வீடா?"

"வாடகை வீடுண்ணே."

"அப்பொறம் என்னம்மா பிரச்சன? புருசன் வீட்டுக்குத்தான போவக் கூடாது? வாடக வீடு எப்பிடிப் புருசன் வீடாவும்? வெள்ளக்காரன் வீடு அது. யார் வீடும் இல்ல."

"போடே கிறுக்கா," என்றாள் அம்மா. சிரித்தும்விட்டாள். ராஜபாளையம் எல்லைக்குள் நுழையும்போது போனை எடுத்தாள். "மதினி, அது வாடக வீடுல்லா? அவிய வீடுன்னு எப்பிடிச் சொல்ல முடியும்?" என்று ஆரம்பித்து, குருசாமி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், தானே யோசித்த மாதிரி சொன்னாள். அப்புறம் அத்தையின் குரல் எனக்கே கேட்டது.

"வாடக வீடுன்னா சரித்தான் மதினி. ஆனா ஒண்ணு. கணேசன் கதவத் தொறந்து உள்ள கூப்புடக் கூடாது. கூப்புட்டா அது அவன் வீடாப் போயிரும். அவன வெளிய நிக்கச் சொல்லுங்க. அவளே சாவியப் போட்டுத் தொறந்து போவட்டும்."

நான் நினைத்தது நடந்துவிட்டது. குருசாமி ஹாரன் அடித்துக் கொண்டாடினார். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு என் கையில் அடுக்கிய வளையல்களைச் சரிசெய்தாள். பிறகு குருசாமிக்குக் கேட்காத குரலில், "யார் வீடும் இல்லன்னா, ஒனக்கு வெந்நி யாரு வச்சுத் தருவா?" என்றாள்.

கணேசன் வைத்துத் தருவார் என்று சொன்னேன். அவள் கேட்டது அதை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மீதி நாட்கள் வேகமாக ஓடிவிட்டன. அம்மா கம்பெனியில் சொல்லி வாங்கிய மெல்லிய துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்து, ஓரம் தைத்துக் குழந்தைக்கென்று அடுக்கினாள். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எடுத்தாலும் விசாவுக்கும் லீவுக்கும் நேரம் போதாது என்று பேசி முடித்துவிட்டோம். மறுபடி அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

மதுரை விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே வர முடியாது. வாசலிலேயே பிரிய வேண்டும், அதற்குத் தயாராக வாருங்கள். பாதுகாப்புச் சோதனையில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்ததால் வரவில்லை. சோதித்த பெண், "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். "எட்டு." "ஒத்தையிலயா போற?" "ஆமா." அவர் வளையல்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். அது சோதனைதானா என்று தெரியவில்லை. "பாத்துப் போ," என்று அனுப்பினார்.

கெம்னிட்ஸ் ரயில் நிலையத்துக்குக் கணேசன் வந்திருந்தார். பனி பெய்துகொண்டிருந்தது. டிராமிலிருந்து இறங்கி எங்கள் கட்டடத்துக்கு எதிரே வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. நான் இங்கயே நிக்கேன். நீ தொறந்துட்டுக் கூப்புடு," என்றார். இதையெல்லாம் கேலி செய்கிற ஆள். தலையெல்லாம் பனியோடு அப்படியே நின்றார். ஸ்பீக்கரில் சொன்ன வார்த்தைக்கு அதுதான் அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தனியாக வாசலுக்குப் போனேன். இங்கே கதவு எண்ணைப் பார்த்து யாரும் வீடு தேடுவதில்லை. வாசலில் வரிசையாக அழைப்பு மணிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அதனால் எங்கள் மணிக்குப் பக்கத்தில் 'மாரியப்பன்' என்று இருந்தது. சாத்தூருக்கு அந்தப் பக்கம் போயே பார்க்காத என் மாமனார். ஒன்றரை வருடமாகத் தினமும் பார்த்த பெயர்தான். அன்றுதான் படித்தேன். வெள்ளைக்காரன் வீடுமில்லை, யார் வீடும் இல்லாமலும் இல்லை. குருசாமி அண்ணே, நாம் எல்லோரும் ஏமாந்துவிட்டோம். கடல் தாண்டி வந்து நான் நின்றது மாமனார் வீட்டு வாசலில்தான்.

பெட்டியில் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று பையில் இருந்தது. அதில் பேனாவால் 'வேலம்மாள்' என்று ஜெர்மன் எழுத்தில் எழுதி, மாரியப்பனுக்குக் கீழே ஒட்டினேன். பிறகு கதவைத் திறந்து, திரும்பிக் கணேசனைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

இனி போகப் போகிறவர்களுக்கு. இருபத்தெட்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமானங்களில் மருத்துவர் கடிதம் கேட்கிறார்கள். பிரசவத் தேதி அதில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் இருக்கட்டும், பயணத்துக்கு ஒரு வாரத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. முப்பத்தாறு வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். சில நிறுவனங்களில் அதற்கும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். ராஜபாளையத்தில் எனக்கு ஆலோசனைக்கு நானூறு, ஸ்கேனுக்கு ஆயிரத்து இருநூறு ஆனது. இங்குள்ள மருத்துவக் குறிப்பேட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஊரிலேயே தின்று தீர்த்துவிடுங்கள். பால் சேர்ந்த எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவர விட மாட்டார்கள். வளையலை ஒரு அளவு பெரிதாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் தேதியை வீட்டில் ஒருமுறை சொன்னால் போதாது. வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்பே, எதற்காகத் திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊருக்குப் போனால் தனிமை போய்விடும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். எனக்குப் போகவில்லை. ஆனாலும் போயிருக்கக் கூடாது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

மணியில் பெயர் ஒட்ட வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். நான் வாங்கவில்லை.

நேற்று கீழ்வீட்டு மூதாட்டி படியில் என்னை நிறுத்தினார். இத்தனை நாளில் காலை வணக்கம் தவிர எதுவும் சொல்லாதவர். மணியில் புதுப் பெயர் பார்த்தேனே, உங்களோடு யாராவது குடிவந்திருக்கிறார்களா என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. என் ஜெர்மன் இன்னும் அரைகுறைதான். மனதுக்குள் ஒருமுறை கோர்த்துப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லை. இது அவர்களுடைய வீடு. என் அம்மா. நான்தான் பிரசவத்துக்கு வந்திருக்கிறேன்."